தனித்து நின்ற மின்தொகுப்பு: டெக்சாஸ் 2021, பளுப் பகிர்வு மேசையிலிருந்து

மின்சாரத்தைக் கம்பிகளில் தேக்கி வைக்க முடியாது. ஒரு நொடியில் நுகரப்படும் மின்சாரம் அதே நொடியில் ஏதோ ஒரு மின்நிலையத்தில் உற்பத்தியாகியாக வேண்டும் என்னும் விதியின் மேல்தான் எல்லா மின்தொகுப்புகளும் நிற்கின்றன. அந்த விதி காக்கப்படுகிறதா என்பதை நொடிதோறும் அறிவிக்கும் எண்ணே அதிர்வெண், பணியிடப் பேச்சில் ஃப்ரீக்வென்சி. இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். தேவை உற்பத்தியை மிஞ்சும்போது தொகுப்பில் இணைந்துள்ள ஜெனரேட்டர்கள் அனைத்தும் சேர்ந்தே வேகம் குறைய, எண் இறங்குகிறது. உற்பத்தி மிஞ்சும்போது ஏறுகிறது. லோடு டெஸ்பாட்ச் சென்டர் எனப்படும் பளுப் பகிர்வு மையத்தில் ஷிஃப்ட் பார்க்கும் பொறியாளர், மின்நிலையத்தோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாலும் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தாலும், ஒரு கண்ணை அந்த எண்ணின் மேலேயே வைத்திருப்பார். அத்தகைய மேசையில் பணிக்காலத்தைக் கழித்தோரின் பார்வையில், 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மின்தொகுப்புக்கு நேர்ந்த பேரிடரை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தனித்து இயங்கும் தொகுப்புக்குக் கடமைகள் கூடுதல். டெக்சாஸின் திறந்த சந்தையோ அக்கடமைகளை யார் பொறுப்பிலும் ஒப்படைக்கவில்லை. அந்தப் பேரிடரின் வேர் இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

அமெரிக்கப் பெருநிலத்தின் மின்தொகுப்பு ஒன்றல்ல, மூன்று. ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள பெரும்பாலான மாநிலங்களை இணைப்பது கிழக்குத் தொகுப்பு. மலைத்தொடரிலிருந்து பசிபிக் கரைவரை பரந்திருப்பது மேற்குத் தொகுப்பு. இவ்விரண்டோடும் ஒத்திசையாமல் டெக்சாஸ் எல்லைக்குள் மட்டும் இயங்குவது மூன்றாவது தொகுப்பு. ஒத்திசைவு என்பது, மாறுமின் தடங்களால் பிணைக்கப்பட்ட ஜெனரேட்டர்கள் அனைத்தும் ஒரே அதிர்வெண்ணில் சுழன்று, ஒன்றின் குறையை மற்றவை தாமாகவே ஈடுசெய்யும் நிலையாகும். மூன்றாவது தொகுப்பை நிர்வகிப்பது எர்காட் எனச் சுருக்கமாக வழங்கும் டெக்சாஸ் மின் நம்பகக் கழகம். ஆஸ்டினுக்கு அருகே டெய்லர் நகரில் அதன் கட்டுப்பாட்டு அறை உள்ளது. மாநில மின்தேவையில் ஏறத்தாழ 90 விழுக்காடு அதன் பொறுப்பு. மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ நகரம், வடக்கே பான்ஹேண்டில் பகுதியின் ஒரு பாகம், தென்கிழக்கே போமான்ட் வட்டாரம் ஆகியவை அண்டைத் தொகுப்புகளைச் சேர்ந்தவை.

இந்தத் தனிமையை நிலவியல் உண்டாக்கவில்லை. சட்டத்தைக் கணக்கில் வைத்து எடுத்த முடிவு அது. 1935ஆம் ஆண்டின் கூட்டாட்சி மின்சாரச் சட்டம், மாநில எல்லையைக் கடக்கும் மின்வணிகத்தை மத்திய ஆணையத்தின் ஒழுங்குமுறைக்கு உட்படுத்தியது. எல்லையைக் கடக்காத கம்பிக்கு அந்த ஆணையத்தின் அதிகாரம் எட்டாது என்று கண்ட டெக்சாஸ் நிறுவனங்கள் தம் தடங்களை மாநிலத்துக்குள்ளேயே நிறுத்திக்கொண்டன. 1976 மே 4 இரவு, டெக்சாஸிலும் ஒக்லஹோமாவிலும் வணிகம் செய்த ஒரு மின்குழுமத்தின் கிளை நிறுவனம் எல்லைக்கு அப்பால் சிறிது நேரம் மின்சாரம் அனுப்பியது. ‘நள்ளிரவு இணைப்பு’ எனப் பெயர்பெற்ற அந்தச் செயல், தம்மையும் மத்திய அதிகாரத்தின் கீழ் இழுத்துவிடும் என்று அஞ்சிய ஏனைய பெரிய நிறுவனங்கள், பிரேக்கர்களைத் திறந்து அந்நிறுவனத்திடமிருந்து தம்மைப் பிரித்துக்கொண்டன. ஆண்டுக்கணக்கில் நீண்ட வழக்குகளின் முடிவில் எட்டப்பட்ட சமரசமே நேர்மின் இணைப்புகள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி மறுபுறம் மீண்டும் மாறுமின்சாரமாக்கும் இந்த இணைப்பில், இருபுறத்து அதிர்வெண்களும் கலப்பதில்லை; கேட்ட அளவு மட்டுமே பாயும். கிழக்குத் தொகுப்போடு ஓக்லாயூனியனில் 220 மெகாவாட், மான்டிசெல்லோவில் 600 மெகாவாட், மெக்சிகோவோடு சில நூறு மெகாவாட் என மொத்தம் 1,200 மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்டதே டெக்சாஸின் வெளிவழி. 2021 பிப்ரவரியில் 70,000 மெகாவாட்டை நெருங்கிய உச்சத் தேவையில் அது இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு.

தொகுப்பு சிறிதாக இருப்பதன் பொருள் என்ன என்பதைத் தென்னிந்தியப் பணியாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சுழலும் ஜெனரேட்டர்களின் எடையும் வேகமும் சேர்ந்து தேக்கி வைத்திருக்கும் இயக்க ஆற்றலை நிலைமம் என்பர். ஓர் உற்பத்தி அலகு திடீரென டிரிப் ஆகி நின்றுவிடும்போது, மற்ற அலகுகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளான கவர்னர்கள் விழித்துக்கொண்டு உற்பத்தியை உயர்த்தும் வரையிலான முதல் சில நொடிகளைக் காப்பது இந்த நிலைமமே. பெரிய தொகுப்பில் 1,000 மெகாவாட் இழப்பு திரையில் ஒரு சிறு அசைவாக முடிந்துவிடும். சிறிய தொகுப்பில் அதே இழப்பு அதிர்வெண்ணைச் சரசரவென்று இறக்கும். 2013ஆம் ஆண்டின் கடைசி நாள்வரை தென்மண்டலத் தொகுப்பும் இந்தியாவின் ஏனைய தொகுப்போடு ஒத்திசையாமல்தான் இயங்கியது. பத்ராவதி, காஜுவாக்கா ஆகிய இடங்களிலுள்ள நேர்மின் இணைப்புகளும், ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலார் வரை ஓடும் நேர்மின் தடமுமே அதற்கு வெளியுலகம். தால்ச்சர்–கோலார் தடத்தின் ஒரு துருவம் டிரிப் ஆனால், அந்த இழப்பைத் தாங்குவதற்காகத் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களில் முன்கூட்டியே குறித்து வைத்த பளுவைத் தானாகத் துண்டிக்கும் சிறப்புப் பாதுகாப்பு ஏற்பாடு வைக்கப்பட்டிருந்தது. எங்கோ ஒடிசாவில் ஒரு கோளாறு. அடுத்த நொடியில் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு துணை மின்நிலையத்தில், ஊர்ப்பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் ஃபீடர்கள் வீழ்ந்திருக்கும். எதனால் மின்தடை என்று கேட்கும் குரல்கள் தொலைபேசியில் வரும்போது, வெளிவழி குறுகிய தொகுப்பின் இயல்பு அது என்பதைத் தவிர மேசையில் இருந்தோரிடம் சொல்வதற்கு வேறொன்றும் இருந்ததில்லை.

தனிமைக்கு நன்மையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2012 ஜூலை 30, 31 ஆகிய நாள்களில் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் வீழ்ந்து சுமார் 62 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தபோது, ஒத்திசைவு இல்லாத தென்மண்டலம் அந்தச் சரிவில் சிக்கவில்லை. அந்நாளில் பணியிலிருந்தோர் பலர் அதைத் தனிமையின் பரிசாகவே கருதினர். வடக்கோடு இணைந்தால் அதன் நோயும் தெற்கே வரும் என்ற வாதம் பொறியாளர்களிடையே வலுவாக இருந்தது. ஆனால் அதே 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டின் பெரும்பகுதி நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தையும் தாண்டிய மின்வெட்டில் தவித்தது. வேறு மண்டலங்களில் விலைக்குக் கிடைத்த மின்சாரத்தைக் கொண்டுவரத் தடம் போதாமல், மின்சந்தையில் தெற்கின் விலை தனியே பிரிந்து உயர்ந்து நின்றது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடத்தின் வழியே தென்மண்டலம் தேசியத் தொகுப்போடு இணைந்தபின், பெரிய அலகு ஒன்று டிரிப் ஆனாலும் அதிர்வெண் முன்போல் வீழவில்லை. தனிமை அரிதாக வரும் பெருஞ்சரிவிலிருந்து காக்கிறது. அதற்கு ஈடாக அன்றாடப் பற்றாக்குறையையும், உதவி தேவைப்படும் நாளில் கையறு நிலையையும் தருகிறது. இந்தக் கணக்கைத் தெரிந்தே ஏற்கும் தொகுப்பு, வெளியிலிருந்து பெறக்கூடியதையெல்லாம் உள்ளேயே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

உள்ளே சேர்த்து வைப்பதற்குப் பெயர் கையிருப்பு. எந்நேரமும் ஓட்டத்துக்குத் தயாராகவோ, குறைந்த பளுவில் சுழன்றுகொண்டோ இருக்கும் கூடுதல் மின்திறன் அது. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அது வருவாய் ஈட்டாது. வாரியமோ தனியுரிமை பெற்ற நிறுவனமோ மின்சாரம் வழங்கிய பழைய முறையில், இந்தச் செலவைக் கட்டணத்தில் சேர்த்து எல்லா நுகர்வோரும் பகிர்ந்துகொண்டனர். டெக்சாஸ் 1999இல் நிறைவேற்றிய 7ஆம் செனட் மசோதா அந்த முறையைக் கலைத்து, உற்பத்தி, கடத்தல், சில்லறை விற்பனை ஆகியவற்றைப் பிரித்தது. 2002 ஜனவரி முதல் நாளிலிருந்து நுகர்வோர் தமக்கு விருப்பமான விற்பனையாளரைத் தேர்ந்தெடுக்கும் போட்டிச் சந்தை திறந்தது. அமெரிக்காவின் வேறு சில சந்தைகள், விற்ற மின்சாரத்துக்கு மட்டுமன்றி, தயாராக இருக்கும் மின்திறனுக்கும் தனியே பணம் தருகின்றன. டெக்சாஸ் அதை ஏற்கவில்லை. விற்ற மின்சாரத்துக்கு மட்டுமே அங்கு விலை. பற்றாக்குறை நேரத்தில் ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்வரை, அதாவது யூனிட்டுக்கு 9 டாலர்வரை விலை ஏற அனுமதித்தால், அந்த லாபத்தை நாடி நிறுவனங்கள் தாமாகவே கையிருப்பைக் கட்டும் என்பது அதன் அடிப்படை நம்பிக்கை. கோடைக்கு அந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தும். வெயில் ஆண்டுதோறும் வரும், உயர்ந்த விலையும் வரும். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் கடுங்குளிருக்காகக் குழாய்களுக்கு வெப்பக் கம்பி சுற்றும் நிறுவனம், அந்தச் செலவைச் செய்யாத போட்டியாளரைவிட ஒன்பது ஆண்டுகள் நட்டத்தில் நிற்க வேண்டும். நட்டத்தை விரும்பி ஏற்குமாறு எந்தச் சந்தையும் எவருக்கும் கட்டளையிடாது. அது ஒழுங்குமுறையின் வேலை.

எச்சரிக்கைகளுக்குக் குறைவில்லை. 1989 டிசம்பர்க் குளிரில் டெக்சாஸ் மின்நிலையங்கள் உறைந்து சுழற்சி முறை மின்வெட்டு நடந்தது. 2011 பிப்ரவரி 2 அன்று மீண்டும் உறைந்தன. எர்காட் 4,000 மெகாவாட் பளுவைத் துண்டித்ததில் 32 லட்சம் இணைப்புகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆகஸ்டில் மத்திய எரிசக்தி ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகக் கழகமும் வெளியிட்ட கூட்டறிக்கை, குளிர்காப்பு செய்ய வேண்டிய கருவிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியல் பரிந்துரையாகவே நின்றது. மாநிலம் அதைக் கட்டாயமாக்கவில்லை. அதே 2011இல் அடிபட்ட எல் பாசோவின் மின்நிறுவனம் தன் நிலையங்களுக்குக் குளிர்காப்புச் செய்து, எரிவாயு இல்லாவிடில் எண்ணெயிலும் ஓடக்கூடிய புதிய நிலையத்தைக் கட்டியது; 2021இல் அந்நகரத்தில் மிகச் சிலரே, அதுவும் சிறிது நேரமே மின்சாரம் இழந்தனர். ஒரே மாநிலத்தின் இரு தொகுப்புகள் ஒரே பாடத்தை வெவ்வேறு விதமாகப் படித்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2021 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் துருவக் குளிர் மாநிலம் முழுவதையும் மூடியது. டாலஸ் பகுதியில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 19 டிகிரி செல்சியஸ்வரை சரிந்தது. டெக்சாஸ் வீடுகளில் பெரும்பாலானவை மின்சாரத்தால் வெப்பமூட்டப்படுபவை. ஆகவே குளிர் ஏற ஏறத் தேவையும் ஏறியது. மிக மோசமான குளிர்காலத்துக்கென எர்காட் முன்கூட்டிக் கணித்திருந்த உச்சத் தேவை 67,208 மெகாவாட். பிப்ரவரி 14 மாலையில் தேவை 69,222 மெகாவாட்டைத் தொட்டது. நள்ளிரவுக்குப் பின் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. ஏறத்தாழ 1:20 மணிக்கு எர்காட் மூன்றாம் நிலை அவசரத்தை அறிவித்து முதல் 1,000 மெகாவாட்டைத் துண்டிக்க ஆணையிட்டது. துண்டித்த அளவைவிட வேகமாக உற்பத்தி வீழ்ந்ததால், அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஆணை படிப்படியாக 10,500 மெகாவாட்டுக்கு உயர்ந்தது.

2 மணியை நெருங்கிய அந்தச் சில நிமிடங்களைப் பளுப் பகிர்வு மேசையில் பழகியோர் மற்றவர்களைவிட நெருக்கமாகப் புரிந்துகொள்வர். அதிர்வெண் 59.4 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டது. அந்த அளவுக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் நீராவி டர்பைனின் நீண்ட கடைசி வரிசை இதழ்கள் தீய அதிர்வுக்கு ஆளாகி முறியும் என்பதால், 59.4இல் ஒன்பது நிமிடம் நின்றால் ஜெனரேட்டரைத் தொகுப்பிலிருந்து பிரித்துவிடுமாறு பாதுகாப்பு ரிலேக்கள் அமைக்கப்பட்டிருக்கும். அப்படிப் பிரியும் ஒவ்வோர் அலகும் மற்றவற்றின் சுமையைக் கூட்டும், அவையும் பிரியும், முடிவு முழு இருள். இன்னொரு ரிலே வரிசை 59.3 ஹெர்ட்ஸில் காத்திருந்தது: ஆளின் ஆணையின்றியே ஃபீடர்களைக் கூட்டமாகத் துண்டிக்கும் குறை அதிர்வெண் ரிலேக்கள் அவை. அன்றைய தாழ்ந்த அளவு 59.302. அதிர்வெண் 59.4க்குக் கீழே நின்றது 4 நிமிடம் 23 நொடி. மீதமிருந்தது 4 நிமிடம் 37 நொடி. ஆணை வந்தவுடன் கைகளால் பிரேக்கர்களைத் திறந்த கடத்தல் நிறுவனப் பணியாளர்கள் அந்த மீதத்துக்குள் தொகுப்பைக் காப்பாற்றினர். அவர்களுடைய தொழில்திறனைப் போற்றாமல் இந்த நிகழ்வை எழுத முடியாது. ஆனால் அந்த மேசையில் அமர்ந்திருப்பவரிடம் கடைசியில் எஞ்சும் கருவி துண்டிப்பு ஒன்றே என்பதும், அந்த நிலைக்கு அவரைத் தள்ளிய முடிவுகள் ஆண்டுகளுக்கு முன்பே வேறு அறைகளில் எடுக்கப்பட்டவை என்பதும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

தொகுப்பு வீழவில்லை, மக்கள் வீழ்ந்தனர். சுழற்சி முறை மின்வெட்டு என்பது ஒரு பகுதியை அரை மணி, ஒரு மணி நேரம் நிறுத்தி, பின் அதை ஏற்றி அடுத்த பகுதியை நிறுத்துவது. துண்டிக்க வேண்டிய அளவு உச்சத்தில் 20,000 மெகாவாட்டைத் தொட்டதால் அந்தச் சுழற்சியே நின்றுவிட்டது. மருத்துவமனை, குடிநீர் நிலையம் போன்றவை உள்ள ஃபீடர்களைத் தொட முடியாது; குறை அதிர்வெண் ரிலே பொருத்திய ஃபீடர்களையும் தொடலாகாது, ஏனெனில் அவை தொகுப்பின் கடைசி அரண். இவ்விரண்டும் போக எஞ்சியவை அனைத்தையும் நிறுத்தினாலும் கணக்குச் சரிவராத நிலையில், மாற்றி நிறுத்துவதற்கு வேறு ஃபீடர் இல்லை. ஆகவே முதலில் இருண்ட தெருக்கள் நாள்கணக்கில் இருளிலேயே கிடந்தன. பக்கத்துத் தெருவில் மருத்துவமனை ஃபீடர் சென்றதால் விளக்கு அணையவே இல்லை. நெடுநேரம் நின்ற ஃபீடரை மீண்டும் ஏற்றும்போது எல்லா வீட்டு ஹீட்டர்களும் ஒன்றாக உறிஞ்சுவதால், வழக்கமான பளுவைப் போல் இரு மடங்கும் அதற்கு மேலும் ஏறி ஃபீடர் மறுபடி டிரிப் ஆவதும் உண்டு. மின்வெட்டுக் காலத்தில் பணியாற்றிய எந்தத் துணை மின்நிலைய ஆபரேட்டருக்கும் இது பழகிய தொல்லை. ஏறத்தாழ மூன்று நாள் நீடித்த அந்தத் துண்டிப்பில் 45 லட்சம் வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன. மாநிலச் சுகாதாரத் துறை இறுதியாகக் கணக்கிட்ட இறப்பு 246. அவர்களுள் பெரும்பாலோர் குளிரில் உறைந்தோர். அடைத்த அறையில் கரியையும் காரின் எஞ்சினையும் வெப்பத்துக்கு நம்பி நச்சுப் புகையால் இறந்தோரும், மூச்சுக் கருவிக்கு மின்சாரமின்றி இறந்தோரும் அக்கணக்கில் உண்டு.

இத்தனை மின்நிலையங்கள் ஏன் நின்றன என்பதற்கு அந்த நவம்பரில் மத்திய எரிசக்தி ஆணையமும் வட அமெரிக்க மின் நம்பகக் கழகமும் வெளியிட்ட கூட்டறிக்கை தெளிவான விடை தருகிறது. அன்று நின்ற அலகுகளில் எரிவாயு அலகுகளே மிகுதி; காற்றாலைகள்மேல் முழுப்பழியும் சுமத்திய அரசியல் பேச்சுக்கு அதில் ஆதாரமில்லை. காரணங்களில் முதலிடம் உறைதலுக்கு, இரண்டாமிடம் எரிபொருள் தட்டுப்பாட்டுக்கு. கோடை வெப்பத்தை வெளியேற்றுவதற்காகச் சுவரின்றித் திறந்தவெளியில் கட்டப்பட்ட டெக்சாஸ் நிலையங்களில் உறைந்தவை பெரும் பொறிகளல்ல. அழுத்தத்தையும் நீர்மட்டத்தையும் அளவிடும் கருவிக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள். வளைகுடாக் கரையோரமுள்ள தென் டெக்சாஸ் அணுமின் நிலையத்தின் முதல் அலகு பிப்ரவரி 15 அதிகாலையில் நின்றதற்கு அணு உலையில் எந்தக் கோளாறும் காரணமில்லை. நீரூட்டும் அமைப்பில் அழுத்தத்தை அறியும் ஒரு குழாய்க்குள் இருந்த நீர் உறைந்தது, கருவி பொய் அளவு காட்டியது, பாதுகாப்பு அமைப்பு தன் கடமையைச் செய்து அலகை நிறுத்தியது. சுமார் 1,300 மெகாவாட்டை அந்தக் குழாய் பறித்துக்கொண்டது. வெப்பக் கம்பியும் காப்புறையும் சரிவரப் போட்டிருந்தால் அந்த அலகு ஓடியிருக்கும்.

எரிவாயுவின் கதை இன்னும் கொடியது. பெர்மியன் படுகையின் கிணற்று வாய்களில் வாயுவோடு வரும் நீர் உறைந்து குழாய்களை அடைக்க, டெக்சாஸின் எரிவாயு உற்பத்தி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. வாயுவை அழுத்தித் தள்ளும் நிலையங்கள் பலவும் மின்சாரத்தால் இயங்குபவை. அவற்றை இன்றியமையாப் பளு என்று பதிவுசெய்யும் விண்ணப்பத்தைப் பலர் நிரப்பித் தந்திருக்கவில்லை. ஆகவே துண்டிப்பு ஆணையை நிறைவேற்றியோர், தாம் நிறுத்தும் ஃபீடரில் மின்நிலையத்துக்கே வாயு தரும் அழுத்த நிலையம் இருப்பதை அறியாமல் நிறுத்தினர். மின்சாரம் நிற்க வாயு நின்றது; வாயு நிற்க மின்சாரம் மேலும் நின்றது. மின்னுற்பத்தியை ஒரு துறையும் எரிவாயுவை வேறொரு துறையும் மேற்பார்வையிட்ட மாநிலத்தில், இரண்டும் ஒன்றையொன்று நம்பியே நிற்கின்றன என்பதைக் கவனிக்கும் பொறுப்பு எவர் மேசையிலும் இல்லை. மோசமான நேரத்தில், 1,07,500 மெகாவாட் நிறுவுதிறனில் 52,000 மெகாவாட்டுக்கு மேற்பட்டது செயலிழந்து கிடந்தது.

தொகுப்பு முழுவதுமாக வீழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியே பணியாளர்களை இன்றும் அச்சுறுத்துவது. வெளியிலிருந்து மின்சாரம் பெறாமலே தானாகத் தொடங்கக்கூடிய அலகுகளுக்கு பிளாக் ஸ்டார்ட் அலகுகள் என்று பெயர். வீழ்ந்த தொகுப்பை அவற்றிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தடமாக, ஒவ்வொரு நிலையமாக எழுப்ப வேண்டும். பெரிய தொகுப்பில் விளிம்பு வீழ்ந்தாலும் அண்டைப் பகுதியிலிருந்து மின்சாரம் எடுத்து மேலெழலாம். 2012 ஜூலை 30 அன்று வடமண்டலம் மட்டும் வீழ்ந்தபோது, அது கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் கிடைத்த உதவியால் அன்றே பெருமளவு மீண்டது. டெக்சாஸுக்குத் தன் பிளாக் ஸ்டார்ட் அலகுகளைவிட்டால் பற்றிக்கொள்ள ஏறத்தாழ ஏதுமில்லை. அந்த அலகுகளிலும் பெரும்பாலானவை அந்த நாள்களில் ஏதோவொரு வேளையில் செயலிழந்தன. வாரக்கணக்கில் நீளும் இருளை எர்காட் தலைமையே அப்போது ஒரு சாத்தியமாகச் சொன்னதன் பின்னணி இதுவே.

விலைச் சந்தையோ தன் வழியே சென்றது. துண்டிப்பு நடந்துகொண்டிருக்கும்போது விலை வீழக் கூடாது என்று மாநிலத்தின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் உத்தரவிட, மொத்த விலை உச்ச வரம்பான 9,000 டாலரில் பூட்டப்பட்டது. துண்டிப்பு பிப்ரவரி 17 நள்ளிரவோடு முடிந்தபின்னும் 19 காலைவரை அந்தப் பூட்டு திறக்கவில்லை. அந்தக் கூடுதல் நேரத்தால் மட்டும் சுமார் 1,600 கோடி டாலர் மிகையாகக் கணக்கிடப்பட்டது என்று சந்தையின் சுயேச்சைக் கண்காணிப்பாளர் அறிவித்தார். மாநிலத்தின் பழமையான மின் கூட்டுறவு அமைப்பான பிராசோஸ், சுமார் 200 கோடி டாலர் நிலுவையோடு மார்ச் முதல் நாள் திவால் பாதுகாப்புக் கோரியது. மொத்த விலையை நேரடியாக நுகர்வோர்மேல் இறக்கிய கிரிடி என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்து, அந்நிறுவனமும் மூழ்கியது. உயர்ந்த விலை உற்பத்தியை வரவழைக்கும் என்பதே அந்தச் சந்தையின் தத்துவம். உறைந்த குழாயை எந்த விலையும் உருக்கவில்லை. கடனை நீண்டகாலப் பத்திரங்களாக மாற்றியதன் வழியே, அந்தச் சில நாள்களின் கணக்கை டெக்சாஸ் நுகர்வோர் பல்லாண்டு தவணையில் செலுத்துகின்றனர்.

வடக்கேயும் கிழக்கேயும் அண்டைத் தொகுப்பின் பகுதிகளில் அதே குளிர் வீசியது. அங்கும் அலகுகள் உறைந்தன, அங்கும் துண்டிப்பு நடந்தது. ஆனால் குளிர் எட்டாத கிழக்கு மாநிலங்களிலிருந்து சுமார் 13,000 மெகாவாட் அளவுக்கு மின்சாரம் பாய்ந்ததால், அங்குத் துண்டிப்பு சில மணி நேரத்தோடு முடிந்தது. இணைப்பு எல்லாவற்றையும் தீர்க்கும் என்பதும் இல்லை: 2022 டிசம்பர்ப் புயலில், பெருந்தொகுப்புக்குள்ளேயே இருந்த டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் தன் வரலாற்றில் முதன்முறையாகச் சுழற்சி மின்வெட்டு செய்ய நேர்ந்தது. 20,000 மெகாவாட் பற்றாக்குறையை எந்த வெளித்தடமும் முழுதாக நிரப்பியிருக்காது. ஆயினும் சில ஆயிரம் மெகாவாட் கிடைத்திருந்தால் ஃபீடர்களை மாற்றி மாற்றி நிறுத்த முடிந்திருக்கும்; மூன்று நாள் குளிருக்கும் மூன்று மணி நேரக் குளிருக்கும் உள்ள வேறுபாடு முதியோருக்கும் நோயாளிகளுக்கும் உயிரின் வேறுபாடு.

டெக்சாஸ் சும்மா இருந்துவிடவில்லை. 2021 ஜூனில் கையெழுத்தான 3ஆம் செனட் மசோதா மின்நிலையங்களுக்கும் முக்கிய எரிவாயு நிலையங்களுக்கும் குளிர்காப்பைக் கட்டாயமாக்கி, மீறுவோருக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் டாலர்வரை தண்டம் விதிக்க வழிசெய்தது. விலை வரம்பு 9,000லிருந்து 5,000 டாலராகக் குறைந்தது. நிலைமத்தை நேரலையில் கணக்கிட்டுக் கையிருப்பை அமைக்கும் எர்காட்டின் முறை உலகத் தொழில்வட்டத்தில் மதிக்கப்படுவது. 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்ட பேட்டரிகள் நொடிக்குள் மின்சாரம் தந்து அதிர்வெண்ணைத் தாங்குகின்றன. ஆனால் பேட்டரியின் தாங்குதிறன் மணிக்கணக்கில் அளக்கப்படுவது, நாள்கணக்கில் அல்ல. வெளிவழி இன்றும் அதே 1,200 மெகாவாட் அளவில் நிற்கிறது. லூசியானா வழியே மிசிசிப்பிவரை 3,000 மெகாவாட் நேர்மின் தடம் அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அத்தகைய நேர்மின் தடத்தால் எர்காட்டின் சட்டத் தனித்தன்மை குலையாது என்று மத்திய ஆணையம் 2014லேயே உறுதியளித்துவிட்டதால், மாநில உரிமையைக் காப்பதற்காகத் தடத்தை மறுக்க வேண்டும் என்ற வாதத்துக்கு இன்று அடிப்படை இல்லை.

மேசை அனுபவம் இதிலிருந்து எடுத்துக்கொள்வது மூன்று விதிகள். தனித்திருக்க விரும்பும் தொகுப்பு, தன்னைவிடப் பெரிய தொகுப்பைக் காட்டிலும் அதிகமான கையிருப்பை வைத்திருக்க வேண்டும். அதன் செலவைச் சந்தையின் நல்லெண்ணத்துக்கு விடாமல் எல்லாக் கட்டணத்திலும் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். மின்சாரத்தையும் அதற்கு எரிபொருள் தரும் தொழிலையும் ஒரே மேற்பார்வையில், ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எந்த ஃபீடர் எந்த அழுத்த நிலையத்துக்குச் செல்கிறது என்பது துண்டிப்பு ஆணை வருமுன் தெரிந்திருக்க வேண்டும். பேரிடருக்குப் பின் எழுதப்படும் அறிக்கையின் பரிந்துரைகளுக்கு, அவற்றை நிறைவேற்ற வேண்டியவர், தேதி, தவறினால் தண்டம் ஆகிய மூன்றும் அதே ஆண்டில் சட்டத்தில் ஏற வேண்டும். 2011இன் அறிக்கைக்கு இவை மூன்றும் வாய்த்திருந்தால், பத்தாண்டுக்குப் பின் டெய்லர் நகரின் பணியாளர்களுக்கு நான்கரை நிமிட அவகாசத்தில் ஒரு மாநிலத்தைக் காக்கும் நிலை வந்திருக்காது. மாநிலங்களாயினும் தீவு நாடுகளாயினும், சிறு தொகுப்பைத் தனியே நடத்தும் எவரும் தம் கையிருப்புப் பதிவேட்டைத் திறந்து, இந்த மூன்று விதிகளுக்கும் எதிரே யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது நல்லது. பெயர் இல்லாத இடத்தில் அடுத்த துண்டிப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது.